மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200: போர் விமானத்தின் மிச்சமா, சக்கர நாற்காலியின் வாரிசா?

கொங்குநதி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. வேலை நிமித்தமாக மூன்று வருடமாக ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ரேகன்ஸ்பூர்க் நகரத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூடும் இடத்துக்குப் போயிருந்தேன். பளபளவென்று பெரிய கார்கள் வரிசை கட்டி நின்றன. ஆனால் கூட்டமெல்லாம் ஒரு ஓரத்தில். நுழைந்து பார்த்தால், என் நெஞ்சு உயரம்கூட இல்லாத ஒரு சிவப்பு வண்டி. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. கதவே கிடையாது. மேலே இருக்கும் கண்ணாடிக் கூண்டை, டிரங்குப் பெட்டி மூடியைத் திறப்பது போல வலது பக்கமாகச் சாய்த்துத் திறக்கிறார்கள். உள்ளே ஓட்டுபவர் முன்னால், கூட வருபவர் அவர் முதுகுக்குப் பின்னால். பைக்கில் உட்காருவது மாதிரியேதான், ஆனால் சாய்ந்துகொள்ள இருக்கை உண்டு. வட்டமான ஸ்டீயரிங்குக்குப் பதிலாக விமானத்தில் இருப்பது போல ஒரு பிடி.

மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200. கே.ஆர். என்றால் கபீனன்ரோலர், அதாவது கூண்டு வைத்த ஸ்கூட்டர். நீளம் 2.82 மீட்டர், அகலம் 1.22 மீட்டர், எடை 230 கிலோ.

எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அப்பா தன் பையனிடம், போர் முடிந்ததும் மிஞ்சிப்போன போர் விமான மூடிகளை வைத்துத்தான் இதைச் செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பிவிட்டேன். பெயர் மெஸ்ஸர்ஷ்மிட், தலைக்கு மேல் கண்ணாடிக் குமிழ், ஒருவர் பின் ஒருவராக இருக்கை, யாருக்குத்தான் தோன்றாது? வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தது, அது தவறு. மூடி இந்த வண்டிக்கென்றே வடிவமைத்துச் செய்தது. உண்மைக் கதை வேறு, எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது.

ஃப்ரிட்ஸ் ஃபெண்ட் என்று ஒருவர். 1920-ல் பிறந்தவர், போர்க்காலத்தில் ஜெர்மன் விமானப்படையில் தொழில்நுட்ப அதிகாரி. போர் முடிந்து ஊர் திரும்பினால், ரோசன்ஹைம் தெருவெல்லாம் கால் இழந்து வந்த இளைஞர்கள். அவர்களுக்காக 1948-ல் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார். பெயர் ஃபிளிட்சர். முதலில் அதில் எஞ்சின்கூட இல்லை, கையாலேயே தள்ளி இழுத்து ஓட்ட வேண்டியது. அப்புறம் விக்டோரியா கம்பெனியின் 38 சிசி எஞ்சின், அதற்குப் பிறகு 98 சிசி என்று வளர்ந்தது. சுமார் 250 வண்டி விற்றிருக்கிறார்.

இதில் எதிர்பாராதது ஒன்று நடந்தது. கை கால் நன்றாக இருப்பவர்களும் எனக்கொன்று கொடு என்று கேட்டு வந்தார்கள். மழையில் நனையாமல் போக வேண்டும், கார் வாங்கக் காசில்லை என்பவர்கள். அப்போதுதான் இதை இரண்டு பேர் போகும்படி பெரிதாக்கிப் பெரிய தொழிற்சாலையில் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1952-ல் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்டைப் போய்ப் பார்த்தார். விமானம் செய்யக் கூடாது என்று நேச நாடுகள் தடை போட்டிருந்த காலம். ரேகன்ஸ்பூர்க் தொழிற்சாலைக்கு வேலை தேவைப்பட்டது. 1953-ல் கே.ஆர். 175 வந்தது, 1955-ல் கே.ஆர். 200.

ஆக, இந்த வண்டியின் தாய் வீடு விமானக் கொட்டகை இல்லை, கால் இழந்தவர்களுக்கு ஒருவர் செய்துகொடுத்த வண்டிப் பட்டறை. இதை இங்கே பதிந்துவைக்க வேண்டும் என்று தோன்றியது.

அப்புறம் ஒரு சந்தேகம். இதில் ரிவர்ஸ் கியர் இல்லை, எஞ்சினை நிறுத்திவிட்டுத் திருப்பி எதிர்ப்பக்கமாக ஓட விடுவார்கள் என்று வண்டிக்காரர் சொன்னார். எனக்குப் புரியவில்லை. எஞ்சின் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

---

சாலையோரம் எழுதியது:

படிக்கவே அருமையாக இருந்தது. ஆனால் இதைக் கார் என்று சொல்லலாமா? கண்ணாடி மூடி போட்ட ஸ்கூட்டர் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர்களே ரோலர் என்றுதானே பெயர் வைத்திருக்கிறார்கள்.

---

பழையபட்டறை எழுதியது:

கொங்குநதி, கேட்டது நல்ல கேள்வி. நாற்பது வருடம் டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு மாரடித்தவன் நான். எனக்குப் பிடித்த பாடம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு இருக்கும். வால்வைத் திறந்து மூட கேம் ஷாஃப்ட் இருக்கும். அந்த கேம் ஒரு பக்கமாகச் சுற்றினால்தான் இழு, அழுத்து, வெடி, வெளியே தள்ளு என்ற வரிசை சரியாக வரும். திருப்பிச் சுற்றினால் எல்லாம் குழம்பிவிடும்.

பழைய டூ ஸ்ட்ரோக்கில் வால்வே கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள் இருக்கும், அவற்றைப் போர்ட் என்போம். பிஸ்டன்தான் கதவு. கீழே இறங்கும்போது புகை போகும் போர்ட் திறக்கிறது, ஏறும்போது அதே உயரத்துக்கு வந்ததும் மூடுகிறது. பெட்ரோல் உள்ளே வரும் போர்ட்டும் இப்படித்தான். பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் தண்டு கிராங்க். அது இடமாகச் சுற்றினாலும் வலமாகச் சுற்றினாலும் பிஸ்டனைப் பொறுத்தவரை ஏறுவதும் இறங்குவதும்தான் வேலை. எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்று அதற்குத் தெரியவே தெரியாது.

திசை தெரிந்தாக வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான், ஸ்பார்க்குக்கு. பிஸ்டன் உச்சிக்கு வந்து சேருவதற்குச் சற்று முன்னாலேயே பொறி விழ வேண்டும். கிராங்க் எதிர்ப்பக்கம் சுற்றினால் அந்த "சற்று முன்னால்" என்பது "சற்றுப் பின்னால்" ஆகிவிடும், எஞ்சினில் இழுவை இருக்காது. அதற்காக கே.ஆர். 200-ல் இருக்கும் ஃபிக்டல் அண்ட் சாக்ஸ் 191 சிசி எஞ்சினில் இரண்டாவதாக ஒரு சி.பி. பாயின்ட், அதாவது பொறி எப்போது விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் சுவிட்ச், வைத்தார்கள். முன்னே போக ஒன்று, பின்னே போக ஒன்று.

திருப்பிச் சுற்ற வைப்பது யார்? டைனாஸ்டார்ட். ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் ஒன்றே, கிராங்க்கோடு நேராகச் சேர்ந்திருக்கும். சாவியைச் சாதாரணமாகத் திருப்பினால் ஒரு பக்கம் சுற்றும். சாவியை இன்னும் உள்ளே அழுத்தித் திருப்பினால் கரன்ட் மாறி எதிர்ப்பக்கம் சுற்றும். அவ்வளவுதான். கியர் பெட்டிக்குள் தனியாக ஒரு பல்சக்கரம்கூடச் சேர்க்க வேண்டியதில்லை. எடையும் ஏறவில்லை, செலவும் ஏறவில்லை.

இதனால் ஒரு விசித்திரம். முன்னே போக நாலு கியர் என்றால் பின்னே போகவும் அதே நாலு கியர். கணக்குப்படி முன்னே எவ்வளவு வேகமோ பின்னேயும் அவ்வளவு வேகம். ஒரே ஒரு பின்சக்கரத்தை முன்னால் விட்டு யாரும் அப்படி ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சின்னப் பையனாக வேலை கற்றுக்கொண்ட காலத்தில், டைமிங் நழுவிய ஒரு ஸ்கூட்டரைக் கிக்கர் உதைத்து ஸ்டார்ட் செய்தேன். சத்தம் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது, கவனிக்கவில்லை. ஃபர்ஸ்ட் கியர் போட்டு கிளட்ச்சை விட்டதும் வண்டி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. வண்டிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அதன் சொந்தக்காரர் அலறினார். என் முதலாளி சிரித்துக்கொண்டே சிலேட்டில் படம் போட்டு விளக்கினார். எங்கள் பட்டறையில் தவறாக நடந்ததை, அந்த ஜெர்மானியர்கள் வேண்டுமென்றே, ஒழுங்காக நடக்கும்படி செய்திருக்கிறார்கள். அந்தப் புத்தியை என்ன சொல்லிப் பாராட்டுவது!

---

மின்மினி77 எழுதியது:

ஐயா, ஒரு சந்தேகம். எதிர்ப்பக்கம் சுற்றும்போது ஆயில் பம்ப் என்ன ஆகும்? அதுவும் திரும்பிச் சுற்றாதா?

---

பழையபட்டறை எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. பம்ப்பே கிடையாது. இந்த எஞ்சினுக்குப் பெட்ரோலிலேயே 25-க்கு 1 என்ற அளவில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோல் போகும் இடமெல்லாம் ஆயிலும் போகும். எந்தப் பக்கம் சுற்றினாலும் பேரிங்குக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிடும். நம் ஊரில் 2டி ஆயில் கலந்து பெட்ரோல் போட்டோமே, அதே கதைதான்.

---

வளைவுநேசன் எழுதியது:

சாலையோரம் கேட்டதற்கு என் கருத்து. கார் என்று சொல்வதா ஸ்கூட்டர் என்று சொல்வதா என்பதைச் சக்கர எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யக் கூடாது. சாலையில் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அந்த வகையில் இது அந்தக் காலத்து எத்தனையோ நாலு சக்கர வண்டிகளைவிட நன்றாக நின்றது.

மூன்று சக்கரம் என்றதும் நமக்கு ஆட்டோதான் நினைவுக்கு வரும். ஆட்டோவில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. கே.ஆரில் தலைகீழ். இந்த வித்தியாசம் மிகப் பெரிய வித்தியாசம். பிரேக் பிடித்தால் எடையெல்லாம் முன்னால் சாயும். வளைவில் திரும்பினால் எடை வெளிப்பக்கம் சாயும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் எடை முன்பக்கத்து வெளி மூலைக்குப் போகும். ஆட்டோவில் அந்த மூலையில் சக்கரமே கிடையாது, அதனால்தான் வேகமாக வந்து திரும்பும்போது பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் தூக்குகிறது. கே.ஆரில் சரியாக அந்த மூலையில்தான் சக்கரம் இருக்கிறது.

இரண்டாவது, உயரம். மொத்த வண்டியே 1.2 மீட்டர்தான். ஆட்கள் தரையோடு தரையாக உட்காருகிறார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் ஒருவர் பின் ஒருவராக இருக்கை வைத்தார்கள்? விமானக்காரர்களின் பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். காற்றைக் கிழிக்க வண்டி குறுகலாக இருக்க வேண்டும் என்பது ஒரு காரணம், ஒன்பது பத்து குதிரைத்திறனை வைத்துக்கொண்டு மணிக்கு 90 கிலோமீட்டர் போனது அதனால்தான். இன்னொரு பலனும் உண்டு. தனியாக ஓட்டினாலும் இருவராகப் போனாலும் எடை எப்போதும் நடுக்கோட்டிலேயே இருக்கும். ஒரு பக்கமாகச் சாயாது.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் அதே காலத்து இசெட்டாவைப் பாருங்கள். பி.எம்.டபிள்யூ செய்தது, முன்பக்கமே கதவாகத் திறக்கும் முட்டை வடிவக் கார். அதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள், எஞ்சின் வலது பக்கம். ஜெர்மனியில் ஓட்டுபவர் இடது பக்கம் உட்கார்ந்ததால் எடை சரிசமமாகிவிட்டது. பிரிட்டனுக்காக ஓட்டுபவரை வலது பக்கம் மாற்றினார்கள். எஞ்சினும் வலது, ஆளும் வலது. கடைசியில் இடது பக்கத்தில் எடைக்கல் வைத்துச் சமன் செய்ய வேண்டியதாயிற்று. கே.ஆருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஸ்டீயரிங்கும் அப்படித்தான். நடுவில் கியர் பெட்டி எதுவும் இல்லாமல் பிடி நேராகச் சக்கரத்தின் கம்பிகளோடு சேர்ந்திருக்கும். கொஞ்சம் அசைத்தாலே வண்டி திரும்பும். புதிதாக ஓட்டுபவர்கள் காரைப் போல வளைத்துத் திருப்பினால் ஆபத்து.

---

தனிமரம் எழுதியது:

எல்லோரும் ரசித்துப் பேசுகிறீர்கள், நானும் ரசித்துத்தான் படித்தேன். ஆனால் அந்தப் பெயரை இவ்வளவு எளிதாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

போர்க்காலத்தில் மெஸ்ஸர்ஷ்மிட் விமானங்களின் பாகங்களைச் செய்தவர்களில் வதைமுகாம் கைதிகளும் இருந்தார்கள். பவேரியாவின் ஃப்ளோசன்பூர்க் முகாம், ஆஸ்திரியாவின் குசன் முகாம் இரண்டிலும் இது நடந்தது. கல்குவாரியில் வேலை வாங்கிச் சாகடித்த அதே இடத்தில் கைதிகளை வைத்து விமானப் பாகங்களும் செய்தார்கள். இதற்காக வில்லி மெஸ்ஸர்ஷ்மிட்மீது போருக்குப் பின் விசாரணை நடந்தது, இரண்டு வருடம் சிறையிலும் இருந்தார். வெளியே வந்து ஒரு சில வருடத்துக்குள் அவர் பெயரைத் தாங்கி இந்த அழகான குட்டி வண்டி தெருவுக்கு வருகிறது.

வண்டியைக் குறை சொல்லவில்லை. ஆனால் தடை இருந்ததால் கார் செய்தார்கள் என்று ஒரு வரியில் முடிக்கும்போது, அந்தத் தடை ஏன் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

---

கொங்குநதி எழுதியது:

தனிமரம், நீங்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் முதல் பதிவில் இது இருந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஃப்ளோசன்பூர்க் இங்கிருந்து அதிக தூரமில்லை. அடுத்த மாதம் போய்வருகிறேன்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வண்டியை உருவாக்கியது ஃபெண்ட். மெஸ்ஸர்ஷ்மிட் கொடுத்தது தொழிற்சாலையும் பெயரும். அந்த நாளில் அந்தக் கம்பெனி தையல் மெஷின், ஆயத்த வீடு என்று கிடைத்ததையெல்லாம் செய்துகொண்டிருந்தது. மறுபடி விமானம் செய்யலாம் என்ற நிலை வந்ததும் 1956-ல் குட்டி வண்டிமேல் இருந்த ஆர்வம் போய்விட்டது. 1957 தொடக்கத்தில் ஃபெண்ட், வாலன்டின் க்னாட் என்பவரோடு சேர்ந்து எஃப்.எம்.ஆர். என்ற கம்பெனியைத் தொடங்கித் தொழிற்சாலையை எடுத்துக்கொண்டார். 1964 வரை வண்டி வந்தது அவர்களால்தான். அதனால் இதை நான் ஃபெண்டின் வண்டி என்றே சொல்லப்போகிறேன்.

---

சாலையோரம் எழுதியது:

சரி, ஸ்கூட்டர் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எவ்வளவு விற்றது? யார் வாங்கினார்கள்?

---

தேம்ஸ்கரை எழுதியது:

லண்டனில் இருந்து எழுதுகிறேன். விற்பனை விவரம் எனக்குத் தெரிந்த மட்டும்.

கே.ஆர். 175 சுமார் 15,000. கே.ஆர். 200 சுமார் 30,000, அதில் 12,000 முதல் வருடத்திலேயே. அதற்குப் பிறகு எந்த வருடமும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. விலை 2,500 மார்க் அளவில். அப்போது ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் மிகக் குறைந்த விலையே 3,800 மார்க்கை ஒட்டி. வித்தியாசம் கொஞ்சம்தானே என்று இப்போது தோன்றலாம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்ப்பவருக்கு அந்த 1,300 மார்க் என்பது இன்னும் சில வருடக் காத்திருப்பு. அதற்குள் எத்தனை மழைக்காலம் மோட்டார் சைக்கிளில் நனைவது? கைக்குழந்தையோடு? பின் இருக்கையில் பெரியவர் ஒருவரோடு ஒரு குழந்தையும் உட்காரலாம். லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் பக்கம் ஓடியது. ஜெர்மனியில் 250 சிசிக்குள் இருக்கும் வண்டியைச் சின்ன லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்ற வசதியும் இருந்தது.

பிரிட்டனில் இன்னொரு காரணம். 1956-ல் சூயஸ் கால்வாய் நெருக்கடி வந்து, பெட்ரோலுக்கு ரேஷன் போட்டார்கள். பெரிய கார் வைத்திருந்தவர்கள்கூட சின்ன வண்டியைத் தேடினார்கள். மூன்று சக்கரமாக இருந்து ரிவர்ஸும் இல்லாமல் இருந்தால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதும் என்பது இங்கே சட்டம். அதனால் இசெட்டாவை 1957-லிருந்து பிரைட்டனில், ரயில்வேயின் பழைய பட்டறை ஒன்றில் மூன்று சக்கரமாகவும் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலைக்கு லாரி போக வழியில்லை, உதிரிபாகம் எல்லாம் ரயிலில்தான் வந்து போகும். இசெட்டாதான் இந்தக் கூட்டத்தில் அதிகம் விற்றது, பி.எம்.டபிள்யூ மட்டும் 1,60,000-க்கு மேல் செய்தது.

இந்தக் குமிழ் கார்களைத் தெருவிலிருந்து விரட்ட வேண்டும் என்ற வேகத்தில்தான் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கார் கம்பெனியின் தலைவர் லியனார்ட் லார்ட் ஒழுங்கான ஒரு குட்டிக் கார் வேண்டும் என்று சொன்னார். 1959-ல் மினி வந்தது. நாலு பேர் வசதியாகப் போகலாம். அதோடு குமிழ் கார்களின் காலம் ஓய்ந்தது. ஜெர்மனியில் சம்பளம் உயர்ந்தது, பீட்டில் எட்டும் தூரத்துக்கு வந்தது.

எனக்கு இந்த வண்டிமேல் பிரியம் வந்த கதை வேறு. நான் இங்கே வந்த புதிதில் குடியிருந்த தெருவில் ஒரு முதியவர் வீட்டு கராஜில் துணி போர்த்தி ஒரு கே.ஆர். நின்றது. ஐம்பதுகளில் அவரும் மனைவியும் அதில்தான் கடற்கரைக்குப் போவார்களாம். மனைவி பின்னால் உட்கார்ந்து அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு வழி சொல்லிக்கொண்டே வருவாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவ்வளவு நெருக்கம் இருந்திருக்காது என்றார். அவர் காலமான பிறகு வண்டி எங்கே போனதோ தெரியவில்லை.

---

மின்மினி77 எழுதியது:

தேம்ஸ்கரை, கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். நன்றி.

கேள்வி: வெயிலில் அந்தக் கண்ணாடிக்குள் எப்படி உட்கார்ந்தார்கள்?

---

தேம்ஸ்கரை எழுதியது:

கஷ்டப்பட்டுத்தான். பக்கவாட்டுக் கண்ணாடியை நகர்த்தித் திறக்கலாம், ஆனால் வண்டி ஓடினால்தான் காற்று. சிக்னலில் நின்றால் புழுக்கம். தலைக்கு மேல் துணி கட்டிக்கொண்டார்கள். பிறகு மடக்கும் துணிக் கூரை போட்ட வகையும், கூரையே இல்லாத வகையும் வந்தன. ஜெர்மானியர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர்களில் ஒன்று "ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி". இன்னொன்று, இறைச்சியைத் தெளிவான ஜெல்லிக்குள் உறைய வைப்பார்களே, அதைப் போல "ஜெல்லிக்குள் மனிதர்கள்". ஆனால் வாங்கியவர்கள் செல்லமாக "காரோ" என்றுதான் கூப்பிட்டார்கள்.

---

மைசூர்ரோடு எழுதியது:

இந்தியப் பக்கம் ஒரு சின்னத் தொடர்பு. ஜெர்மனியின் ஃபுல்டா நகரத்தில் 1950 முதல் ஃபுல்டாமொபில் என்ற மூன்று சக்கரக் கார் செய்தார்கள். எஃகுத் தகடு கிடைக்காமல் அலுமினியத் தகட்டைத் தட்டித் தட்டிப் போர்த்திய ஒரு வகைக்கு "வெள்ளித் தெள்ளுப்பூச்சி" என்றே பெயர். அதைச் செய்யும் உரிமத்தைப் பல நாடுகளுக்குக் கொடுத்தார்கள். கிரீஸில் அட்டிகா, பிரிட்டனில் நோபெல், இந்தியாவில் ஹன்ஸ் வாஹார்.

அதற்கும் பிறகு, 1970களில் பெங்களூரில் பாதல் என்ற மூன்று சக்கரக் கார் வந்தது. 198 சிசி டூ ஸ்ட்ரோக், ஃபைபர் உடம்பு. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, அதாவது வளைவுநேசன் சொன்ன ஆட்டோ முறை. அது கே.ஆருக்கு உறவில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒன்று நின்றதைப் பார்த்திருக்கிறேன், இந்த இழையைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

இன்னொரு சின்னச் செய்தி. கே.ஆர். 200-ன் டயர் அளவு 4.00-8. நம் ஊர் ஆட்டோவுக்குப் போடுவதும் அதே அளவுதான்.

---

பழையபட்டறை எழுதியது:

அந்த டயர் செய்தியைப் படித்ததும் மனது நிறைந்துவிட்டது. அப்படியானால் என் பட்டறைக்கு அந்த வண்டி வந்தாலும் பஞ்சர் ஒட்டி அனுப்பிவிடுவேன்.

---

வளைவுநேசன் எழுதியது:

வேகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1955 ஆகஸ்ட் 29, 30 தேதிகளில் ஹோக்கன்ஹைம் பந்தயத் தளத்தில் கே.ஆர். 200 ஒன்றை 24 மணி நேரம் ஓட்டினார்கள். கூண்டை எடுத்துவிட்டு ஒருவர் மட்டும் உட்காரும்படி உடம்பைத் தாழ்த்தி, எஞ்சினையும் கொஞ்சம் தட்டிக் கொட்டியிருந்தார்கள். 250 சிசிக்குட்பட்ட மூன்று சக்கர வண்டிகளில் 22 சாதனை. 24 மணி நேரச் சராசரி மணிக்கு 103 கிலோமீட்டர். ஒரு நாள் முழுக்க ஒற்றை சிலிண்டர் எஞ்சின் அந்த வேகத்தில் ஓடுவது சாதாரணம் இல்லை.

1958-ல் இதற்கே நாலு சக்கரம் வைத்து, 494 சிசி இரட்டை சிலிண்டர் எஞ்சின் போட்டு டி.ஜி. 500 என்று ஒன்றை விட்டார்கள். 19.5 குதிரைத்திறன். டைகர் என்ற பெயரை க்ரூப் கம்பெனி தன் லாரிக்காக ஏற்கெனவே வைத்திருந்ததால் அந்தப் பெயரை எழுத முடியவில்லை, ஆனால் எல்லோரும் டைகர் என்றே கூப்பிட்டார்கள். சுமார் 320 மட்டுமே செய்தார்கள், இன்று அதைக் கண்ணால் பார்ப்பதே அரிது.

---

சாலையோரம் எழுதியது:

தேடிப் பார்த்ததில் கிடைத்தது: பாடகர் எல்விஸ் பிரஸ்லியிடமும் சிவப்பு நிற கே.ஆர். 200 ஒன்று இருந்திருக்கிறது. மெம்பிஸ் நகரத்தில் தனக்குத் துணி தைத்துக் கொடுத்த கடைக்காரர் பெர்னார்ட் லான்ஸ்கி அதை மிகவும் ஆசைப்பட்டிருக்கிறார். கடையில் வேண்டிய மட்டும் துணி எடுத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிட்டாராம் எல்விஸ்.

---

கொங்குநதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு செய்தி.

போன வாரம் ஃப்ளோசன்பூர்க் போய்வந்தேன். கல்குவாரி இன்னும் அப்படியே இருக்கிறது. விமானப் பாகங்கள் செய்த கொட்டகைகள் எங்கே இருந்தன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். தனிமரம், நீங்கள் சொல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன். அங்கே பார்த்ததைத் தனி இழையாக எழுதுகிறேன், இங்கே இரண்டு வரியில் அடக்க முடியாது.

அங்கிருந்து திரும்பும் வழியில் அந்தச் சிவப்பு வண்டிக்காரர் வீட்டுக்கும் போனேன். ரிவர்ஸ் போடுவதை நேரில் பார்க்க வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். பழையபட்டறை ஐயா எழுதியதை மொழிபெயர்த்துச் சொன்னேன். ஸ்கூட்டர் சுவரில் இடித்த கதைக்கு மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். தானும் ஒரு முறை அவசரத்தில் எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை மறந்து, பின்னால் இருந்த பூந்தொட்டியை உடைத்தாராம். அதிலிருந்து ஸ்டார்ட் செய்ததும் பத்து சென்டிமீட்டர் நகர்த்திப் பார்த்த பிறகே கிளம்புவாராம்.

என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். முழங்கால் அவர் இருக்கையில் இடித்தது. மூடியைச் சாய்த்து மூடியதும் வெளிச்சத்தம் அடங்கிவிட்டது. அவர் தலை எனக்கு ஒரு சாண் தூரத்தில். தேம்ஸ்கரை எழுதிய அந்த அம்மாவின் தாடை நினைவுக்கு வந்தது.

தெருமுனை வரை போய் ஒரு குறுக்குச் சந்துக்குள் விட்டார். அங்கே எஞ்சினை நிறுத்தினார். டட்டட்டட் என்ற சத்தம் நின்று, பக்கத்து மரத்துக் குருவிச் சத்தம் கேட்டது. சாவியை இன்னும் உள்ளே அழுத்தித் திருப்பினார். அதே டட்டட்டட். என் காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. கிளட்ச்சை மெதுவாக விட்டார். வந்த வழியே பின்னோக்கிப் போகத் தொடங்கினோம், நான் கழுத்தைத் திருப்பி அவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தேன்.